அடிச்சட்டத்தில் ஒரு விரிசல்

ஓர் எஃகுச் சட்டம், தன்மேல் ஏற்றிய பாரத்தைப் பல்லாண்டுகள் குறைவின்றிச் சுமந்து வந்த பின், அந்தப் பாரம் ஒரு ராத்தல்கூடக் கூடாதிருக்கும்போது, ஒரு நாள் விரிசல் கண்டு நிற்குமானால் அதற்கு என்ன காரணம் சொல்வது? மரமாக இருந்தால் உளுத்துப்போயிற்று என்று சொல்லி அமைதியடையலாம். எஃகு அப்படி உள்ளுக்குள் உளுப்பதில்லை. ஆயினும் பழைய மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் நிபுணர்கள், மேற்கூட்டைக் கழற்றி, கெட்டிப்பட்ட கிரீஸையும் புழுதியையும் சுரண்டி எடுத்து, அடியில் ஓடும் நீண்ட சட்டத்தைத் துடைத்துப் பார்க்கையில், குறுக்குச் சட்டம் வந்து இணையும் இடத்துக்கு அருகே, கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி மயிரிழை போன்ற ஒரு கோடு ஏறிச் செல்வதை அடிக்கடி காண்கிறார்கள். பல வண்டிகளில் அதன் பக்கத்திலேயே, எப்போதோ யாரோ வெல்டிங் வைத்து அடைத்த வேறொரு விரிசலின் தழும்பும் இருக்கும். ஒன்றை அடைத்ததும் இரண்டு அங்குலம் தள்ளி மற்றொன்று பிறந்திருக்கிறது. உழைத்துத் தேய்ந்த இரும்பு விரிவது ஒரு புதிர் என்றால், பலப்படுத்திய இடத்தை அடுத்தே அது மறுபடியும் விரிவது அதனினும் பெரிய புதிர். இவ்விரண்டுக்கும் விடை ஒன்றே என்பதையும், அந்த விடை தெரியாமல் பழைய சட்டத்தின் ஓர் உறுப்பை மாற்றப் புகுவது எவ்வளவு அபாயகரமானது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விஷயத்தைப் பொதுப்படப் பேசுவதைவிட ஒரு வண்டியைக் கண்முன் வைத்துக்கொண்டு பேசுவது நலம். லண்டன் நகரின் வடமேற்கே கிரிக்கிள்வுட் என்னும் பகுதியில் டபிள்யூ. ஓ. பென்ட்லி நிறுவிய தொழிற்சாலையிலிருந்து 1921 முதல் 1929 வரையில் வெளிவந்த மூன்று லிட்டர் பென்ட்லி, ஏறக்குறைய 1,600 என்ற எண்ணிக்கையில் செய்யப்பட்டது. அக்கால வழக்கப்படி கம்பெனி விற்றது எஞ்சின், கியர்ப்பெட்டி, அச்சுகள், சக்கரங்கள் ஆகியவை பூட்டிய அடிச்சட்டத்தை, அதாவது சேஸிஸை மட்டுமே. வாங்கியவர் அதை வேன்டன் பிளாஸ் போன்ற கூடுகட்டும் தொழிலகத்துக்கு அனுப்பித் தம் விருப்பப்படி மேற்கூடு அமைத்துக்கொண்டார். ஆகவே அந்த வண்டிகளில் கூடு என்பது வந்து ஒட்டிக்கொண்டது. பாரம் முழுவதையும் தாங்கியது அடிச்சட்டமே. முன்னிருந்து பின்வரை செல்லும் இரண்டு நெடுஞ்சட்டங்களும், அவற்றை இடையிடையே பிணைக்கும் சில குறுக்குச்சட்டங்களும் சேர்ந்து ஓர் ஏணியின் உருவத்தில் அது அமைந்திருந்தது. நெடுஞ்சட்டத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், 'ப' என்ற எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்தாற்போல் இருக்கும்: செங்குத்தாக ஒரு நடுத்தகடு, அதன் மேலும் கீழும் படுக்கையாக இரண்டு விளிம்புப் பட்டைகள். இன்றும் நம் நெடுஞ்சாலைகளில் ஓடும் லாரிகளின் சேஸிஸ் இதே வடிவந்தான்.

இந்த வடிவத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. எஞ்சினும் பிரயாணிகளும் அமரும் நடுப்பகுதி பாரத்தால் கீழ்நோக்கி வளைய முயலும்போது, நெடுஞ்சட்டத்தின் மேற்பட்டை நசுக்கப்படுகிறது, கீழ்ப்பட்டை இழுக்கப்படுகிறது. இவ்வாறு பொருளின் உள்ளே, ஒவ்வொரு சதுர அங்குலத்தின்மேலும் எழும் விசையைத் தகைவு என்பர். அந்தத் தகைவு இரு பட்டைகளிலும் உச்சமாக இருந்து, நடுத்தகட்டின் மத்தியில் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. எனவே உலோகத்தை எங்கே தேவையோ அங்கே, அதாவது மேலும் கீழும் ஒதுக்கி வைத்து, இடையில் அவற்றைப் பிரித்துப் பிடிக்க ஒரு மெல்லிய தகட்டை மட்டும் வைப்பது சிக்கனமான ஏற்பாடு. லாரி செய்யும் கம்பெனிகள், கூடு கட்டுவோருக்கு வெளியிடும் கையேடுகளில், நடுத்தகட்டில் வேண்டுமானால் துளையிடலாம், விளிம்புப் பட்டையில் துளையிடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது என்று கண்டிப்பாக எழுதுவது இதனால்தான்.

ஆனால் சாலை, சட்டத்தை வளைப்பதோடு நிற்பதில்லை, முறுக்கவும் செய்கிறது. நான்கு சக்கரங்களில் ஒன்று பள்ளத்தில் இறங்கி மற்ற மூன்றும் மேட்டில் நிற்குமானால், ஸ்பிரிங் பட்டைகள் ஏற்றுக்கொண்டது போக எஞ்சிய கோணல் சட்டத்தின் தலையில் விழுகிறது. இங்கேதான் 'ப' வடிவத்தின் சூட்சுமம் வெளிப்படுகிறது. பப்பாளி இலையின் காம்பு உட்குழலானது என்பது நாமறிந்ததே. அந்தக் காம்பின் இரு முனைகளையும் பிடித்து எதிரெதிராகத் திருகினால் அது உறுதியாக எதிர்த்து நிற்கும். அதையே நீளவாக்கில் கத்தியால் ஒரே ஒரு கீறல் கீறிவிட்டுத் திருகிப் பார்த்தால், இம்மியளவு பொருளும் குறையாதிருக்க, விரல்களின் சிறு முயற்சிக்கே புரண்டு கொடுக்கும். முறுக்கத்தால் எழும் தகைவு, மூடிய குழலின் சுவரைச் சுற்றி இடையறாது ஓடக்கூடியது; கீறல் அந்த ஓட்டத்தை அறுத்துவிட்டால், சுவரின் சொற்பக் கனத்துக்குள்ளேயே அது போய்த் திரும்பவேண்டியதாகிறது. சுவரின் கனம் ஆரத்தில் பத்தில் ஒரு பங்காக உள்ள ஒரு வட்டக் குழாயை இவ்வாறு கீறினால், முறுக்கத்தை எதிர்க்கும் அதன் விறைப்பு ஏறக்குறைய 300-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது என்று கணிதம் காட்டுகிறது. காம்பைத் திருகும்போது கூர்ந்து நோக்கினால் இன்னொரு விசேஷமும் புலப்படும்: கீறலின் இரு உதடுகளும் நீளவாக்கில் ஒன்றையொன்று கடந்து சறுக்கும். 'ப' வடிவச் சட்டமும் கீறிய குழலின் இனத்தைச் சேர்ந்ததே. அது முறுக்கப்படும்போது அதன் மேற்பட்டையும் கீழ்ப்பட்டையும் அவ்வாறே நீளவாக்கில் ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாகச் சறுக்க முயல்கின்றன.

அக்காலத்து வண்டிகளின் அடிச்சட்டம், இன்றைய வண்டிகளோடு ஒப்பிட்டால், சாலையில் செல்லும்போது கண்ணுக்குத் தெரியும்படி புரண்டு கொடுத்துக்கொண்டே சென்றது என்பதை வடிவமைத்தவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். அதற்கு ஏற்பாடும் செய்தார்கள். 1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு 'மாடல் டி' வண்டியில் எஞ்சினை நான்கு மூலைகளில் இறுக்காமல் மூன்று இடங்களில் மட்டும் தாங்க வைத்ததால், சட்டம் புரண்டாலும் எஞ்சினின் உடல் புரளவேண்டியதில்லை. பாரிஸில் தொழில் நடத்திய விமானியான சார்லஸ் வேமன், 1920களின் தொடக்கத்தில் மேற்கூட்டுக்கு ஒரு புது முறையைக் கண்டார்: மரச்சட்டங்கள் ஒன்றையொன்று தொடாமல், இடையே உலோகத் தகடுகளால் மட்டும் இணைக்கப்பட்டு, மேலே பதப்படுத்திய துணி போர்த்தப்பட்ட அந்தக் கூடு, அடிச்சட்டம் எப்படிப் புரண்டாலும் தானும் அதனோடு சேர்ந்து புரண்டு, கிறீச்சிடாமலும் மூட்டு விடாமலும் நின்றது. பல பென்ட்லி வண்டிகள் அந்த முறைப்படிக் கட்டிய கூடுகளை அணிந்தன. கூடு கட்டுபவர் சட்டத்தின் நெகிழ்ச்சியை ஒரு குறையாகக் கருதி அதை நிறுத்தப் பாடுபடாமல், அதற்கு இசைந்து போகத் தம் கைத்தொழிலையே மாற்றிக்கொண்டார் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

இனி விரிசலுக்கு வருவோம். 1927-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பிரான்சில் லெ மான் நகரில் நடந்த இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில், 'வெள்ளை வீடு' என்று வழங்கிய ஒரு வளைவில் பல வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக் கிடந்த குவியலில் மூன்று லிட்டர் பென்ட்லி ஒன்றும் சிக்கியது. முன்புறம் நசுங்கி, அச்சும் சட்டமும் கோணிய நிலையில் அதை மீட்டெடுத்த டேவிஸும் பெஞ்சஃபீல்டும், எஞ்சிய நேரம் முழுவதும் அதையே ஓட்டிப் பந்தயத்தை வென்றார்கள். ஒரு பெரிய அடி அந்த எஃகை வளைத்தது, உடைக்கவில்லை. அத்தகைய எஃகு, அந்த அடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சாமானியக் குலுக்கல்களால் உடைகிறது என்றால், அது வேறு வகையான நோயாக இருக்கவேண்டும்.

அந்த நோயை மனிதர் முதன்முதலில் கண்டது மோட்டார் வண்டியில் அன்று, ரயிலில். 1842-ஆம் ஆண்டு மே மாதம், வெர்சாய் நகரிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அதிர்வினால் இரும்பின் இயல்பே மாறிப் படிகமாகி நொறுங்குகிறது என்பது அன்று பலரும் நம்பிய கொள்கை. முறிந்த முகத்தில் பளபளக்கும் மணிகள் தென்பட்டதே அதற்கு ஆதாரம். அடுத்த ஆண்டிலேயே ரேங்கின் என்னும் இளம் எஞ்சினீயர், முறிந்த அச்சுகளைப் பரிசோதித்து, முறிவு ஒரே கணத்தில் நேர்வதில்லை என்றும், அச்சின் பருமன் திடீரென்று மாறும் கூர்மையான மூலையில் ஒரு சிறு பிளவாகத் தொடங்கி, சிறிது சிறிதாக உள்ளே வளர்ந்து, எஞ்சிய பகுதி தாங்கமாட்டாத அளவு சுருங்கியபின் இற்றுவிடுகிறது என்றும் எடுத்துக்காட்டினார். மூலையைக் கூர்மையாக விடாமல் உருட்டி விடுக என்று அவர் சொன்ன பரிகாரம் இன்றைக்கும் செல்லும். பின்னர் பிரஷ்ய ரயில்வேயைச் சேர்ந்த ஔகுஸ்ட் வோலர், 1850களிலும் 1860களிலும் தாமே யந்திரங்கள் அமைத்து, இரும்புத் தண்டுகளை லட்சக்கணக்கான தடவை வளைத்து வளைத்துப் பரீட்சை செய்தார். ஒரே தடவையில் உடைக்கத் தேவையான பாரத்தில் பாதிக்கும் குறைந்த பாரமே, திரும்பத் திரும்ப வந்தால் உடைக்கப் போதும் என்பதும், ஆனால் அதற்கும் கீழே ஓர் எல்லை உண்டு, அந்த எல்லைக்குள் நின்றால் எத்தனை தடவை வளைத்தாலும் எஃகு தாங்கும் என்பதும் அவர் கண்ட உண்மைகள். திரும்பத் திரும்ப வரும் பாரத்தால் இவ்வாறு உடைவதையே உலோக அயர்ச்சி என்கிறோம். 1903-இல் கேம்பிரிட்ஜில் யூவிங், ஹம்ஃப்ரி என்னும் இருவர், மெருகேற்றிய சுவீடன் தேசத்து இரும்பை இவ்வாறு வருத்தி நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, உலோக மணிகளுக்குள்ளே மெல்லிய சறுக்குக் கோடுகள் தோன்றி, நாளடைவில் அவை அடர்ந்து, ஒரு கோடு விரிசலாகத் திறப்பதைப் பிரத்தியட்சமாகக் கண்டார்கள். இரும்பு படிகமாக மாறவில்லை. அது என்றும் படிக மணிகளால் ஆனதே.

விரிசல் ஏன் எப்போதும் துளைகளின் ஓரத்திலும் மூலைகளிலும் தொடங்குகிறது என்ற கேள்விக்குக் கணிதம் விடை தந்தது. இழுக்கப்படும் ஒரு தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால், துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகிறது என்று 1898-இல் கிர்ஷ் என்னும் ஜெர்மானியர் கணித்தார். துளை வட்டமாக இல்லாமல் நீண்டு ஒடுங்கிக் கூர்மையாகக் கூர்மையாக, முனையில் தகைவு இன்னும் எத்தனையோ மடங்கு ஏறும் என்று 1913-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இங்லிஸ் காட்டினார். விரிசல் என்பது மிக ஒடுங்கிய துளையேயாதலால், தொடங்கிய விரிசல் தன் வழியைத் தானே எளிதாக்கிக்கொண்டு செல்கிறது. நெடுஞ்சட்டத்தில் குறுக்குச்சட்டம் இணையும் இடத்தில், தறையாணிக்கு, அதாவது ரிவெட்டுக்கு, இட்ட துளைகள் இருக்கின்றன. அதோடு, முறுக்கும்போது சறுக்க முயலும் பட்டைகளைக் குறுக்குச்சட்டம் அந்த ஒரே இடத்தில் பிடித்து நிறுத்துகிறது. தடுக்கப்பட்ட அசைவெல்லாம் அங்கே தகைவாகிறது. முதற் புதிருக்குரிய விரிசலின் ஸ்தானம் இதனால் விளங்குகிறது.

அது ஏன் அத்தனை ஆண்டுகள் காத்திருந்தது? வண்டி ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் சட்டத்தை நூறு தடவை உலுக்குகிறது என்று உத்தேசமாக வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியபோது ஒரு கோடி உலுக்கல்கள் ஆகின்றன. வடிவமைத்தவர் தகைவை வோலரின் எல்லைக்குள் வைத்திருந்தால், கோடியும் எஃகுக்கு ஒரு பொருட்டாகாது. ஆனால் அந்த எல்லை உலர்ந்த, சுத்தமான எஃகுக்கு உரியது. 1920களில் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி நிலையத்தில் மக்கடம் என்பவர் தொடர்ந்து நடத்திய பரீட்சைகள், நீரும் துருவும் கூடவே தாக்கினால் அந்த எல்லையே மறைந்துபோகிறது, எவ்வளவு சிறிய தகைவும் போதிய தடவை வந்தால் உடைத்துவிடும் என்று நிரூபித்தன. துரு தகட்டைத் தின்று மெலியச் செய்வதோடு, அதன் மேனியில் ஊசிக் குழிகளைத் தோண்டி, விரிசல் தொடங்குவதற்கான மூலைகளையும் புதிது புதிதாக உண்டாக்குகிறது. பாரம் கூடவில்லை என்பது மெய்யே. தாங்கும் சக்திதான் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

விரிசலைக் கண்டறிவது ஒரு தனிக் கலை. அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது தறையாணிகளின் தலையை. உறுதியாக இருக்கும் ஆணியைச் சுற்றிப் பெயின்ட் கீறாமல் இருக்கும். தளர்ந்த ஆணியின் விளிம்பிலிருந்து செம்பழுப்பான ஒரு கசிவு கீழ்நோக்கி இறங்கியிருக்கும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து அரைத்த இரும்புப் பொடி ஈரத்தோடு கலந்து வடிந்த தடம் அது. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஈரம் புகுந்தால், அங்கே விளையும் துரு, தான் உண்ட இரும்பைப் போலப் பல மடங்கு இடம் பிடிப்பதால், தகடுகளை உந்திப் பிரித்து ஆணியையும் நீளச் செய்துவிடும். விரிசலுக்கு ரயில்வே பட்டறைகளில் வழங்கிய எளிய பரீட்சை, மெல்லிய எண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, மேற்பரப்பை முற்றும் துடைத்து, வெள்ளைச் சுண்ணப் பொடியைப் பூசி வைப்பது. பிளவுக்குள் தங்கிய எண்ணெய் மெல்ல வெளியேறி, வெண்மையின்மேல் ஒரு கரிய கோட்டை எழுதும். காந்தத்தைக் கொண்டும் பார்க்கலாம். 1868-லேயே பீரங்கிக் குழாய்களைக் காந்தமாக்கி, அவற்றின்மேல் திசைகாட்டியை நகர்த்தி, முள் தடுமாறும் இடத்தில் குற்றம் இருப்பதாக அறிந்தார்கள். 1920களில் ஹோக் என்னும் அமெரிக்கர், காந்தப் பலகையில் பிடித்து அரைத்த எஃகின் மேல் நுண்ணிய இரும்புத்தூள் விரிசல்களின் வழியே அணிவகுத்து நிற்பதைக் கவனித்து, அதை ஒரு பரீட்சை முறையாக்கினார். காந்தக் கோடுகள் விரிசலைக் கடக்க முடியாமல் வெளியே கசிய, தூள் அங்கே பற்றிக்கொள்கிறது.

கண்ட விரிசலை வெல்டிங் வைத்து மூடிவிட்டால் என்ன? சிறிய விரிசலின் நுனியில் ஒரு துளையிட்டு அதன் கூர்மையை மழுங்கச் செய்து, பிறகு அடைப்பது சில இடங்களில் நியாயமான வைத்தியமே. நடுத்தகட்டில் அது நெடுநாள் நிற்கவும் கூடும். விளிம்புப் பட்டையில் கதை வேறு. உருகிய உலோகம் 1,500 டிகிரி உஷ்ணத்திலிருந்து குளிரும்போது சுருங்க விரும்புகிறது. சுற்றியுள்ள குளிர்ந்த எஃகு அதைச் சுருங்க விடுவதில்லை. ஆகவே வண்டியில் ஒரு பாரமும் ஏறுமுன்பே அந்த இடம் கடுமையான இழுவிசைக்கு உட்பட்டுக் கிடக்கிறது. அதையொட்டிய எஃகு உருகாமலே மிகுந்த உஷ்ணத்துக்கு ஆளாகி, அதன் மணிகள் பருத்துத் தன்மை மாறுகிறது. வெல்டிங்கின் ஓரம் தகட்டைச் சந்திக்கும் இடத்தில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு மூலையும் அமைந்துவிடுகிறது. இம்மூன்றும் கூடிய இடத்தில் புதிய விரிசல் பிறப்பதில் ஆச்சரியமில்லை. இதைக் கண்டு, மேலே கனமான தகடு ஒன்றை வைத்துப் பலப்படுத்துவோரும், 'ப' வடிவின் திறந்த வாயைத் தகட்டால் மூடிப் பெட்டியாக்கிவிடுவோரும் உண்டு. மூடியதும் அது கீறாத காம்பாகிவிடுகிறது. அந்த ஒரு முழ நீளம் இனி முறுக்கத்துக்கு இணங்காது. ஆனால் சாலையின் பள்ளம் குறையவில்லை. சட்டம் புரளவேண்டிய கோணமும் குறையவில்லை. அந்தக் கோணம் முழுவதும் தகடு முடியும் எல்லையில் வந்து குவிந்து, சட்டத்தை அங்கே உடைக்கிறது. இரண்டாம் புதிருக்கு விடை இதுதான்: நாம் பலம் என்று எண்ணிச் சேர்த்தது விறைப்பு.

விறைப்பும் வலிமையும் வெவ்வேறு குணங்கள் என்பதை இவ்விடத்தில் அழுத்திச் சொல்லவேண்டும். வலிமை என்பது எவ்வளவு பாரத்தில் பொருள் நிரந்தரமாக வளையும் அல்லது உடையும் என்பது; விறைப்பு என்பது ஒரு குறித்த பாரத்தில் அது எவ்வளவு சிறிதாக வளைந்து கொடுக்கும் என்பது. எஃகின் வலிமை, அதில் கலந்த கரியும் நிக்கலும் பெற்ற பக்குவமும் எப்படியோ அப்படி, மடங்கு கணக்கில் வேறுபடும். விறைப்போ, மட்டமான எஃகானாலும் உயர்ந்த எஃகானாலும் அநேகமாக ஒன்றே. ஆகவே பழைய சட்டத்துக்குப் பதிலாக அதே கனமும் அதே வடிவமும் உடைய உறுப்பை அதைவிட உயர்ந்த எஃகில் செய்தால், வண்டியின் நெகிழ்ச்சி மாறுவதில்லை. தாங்கும் சக்தி கூடுகிறது. கனத்தை மாற்றினாலோ எல்லாம் மாறுகிறது. திறந்த வடிவத்தின் முறுக்க விறைப்பு தகட்டுக் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைத் தொடர்வதால், நான்கு மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 'சற்றுக் கெட்டியாக இருக்கட்டுமே' என்று ஐந்து மில்லிமீட்டர் தகட்டைப் போட்டால், விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். வலப்புறம் புதியது, இடப்புறம் பழையது என்று அமைந்துவிட்டால், புரளும் வேலையை இரண்டும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள முடியாமல், இணைக்கும் குறுக்குச்சட்டங்களின் ஆணிகள் அந்த வித்தியாசத்தை அனுபவிக்கும். நன்மை செய்வதாக நினைத்துக் கனத்தைக் கூட்டுவோர் பழைய வண்டிகளுக்குச் செய்யும் தீங்கு, துரு செய்யும் தீங்கைவிடக் குறைந்தது என்று என்னால் சொல்ல இயலவில்லை.

மாற்றுவதென்று தீர்மானித்தபின், முதல் வேலை எதையும் கழற்றாமல் அளப்பது. சட்டத்தை ஸ்பிரிங் பட்டைகள் தாங்கும் அதே இடங்களில் தாங்கி நிறுத்தி, இரு புறமும் ஒத்த புள்ளிகளிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சுண்ணத்தால் குறித்து, அப்புள்ளிகளுக்கிடையே மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தால், இரு மூலைவிட்டங்களும் சமமாக இருக்கும் இடங்களில் சட்டம் நேராக இருக்கிறது என்றும், சமமின்றி இருக்கும் இடங்களில் எப்போதோ மோதிச் சாய்ந்திருக்கிறது என்றும் தெரியும். பிறகு அது அசையாதபடி குறுக்குக் கம்பிகளால் கட்டி, ஒரே ஒரு உறுப்பை மட்டும் விடுவிக்கவேண்டும். எரிவாயுச் சுடரால் ஆணித் தலையை வெட்டுவது எளிது. ஆயினும் அது துளையின் ஓரத்தைச் சுட்டுவிடும். தலையைச் சீவி, நடுவே துளைத்து, தட்டி வெளியேற்றுவதே முறை.

எடுத்த பழைய உறுப்பு பேசக்கூடியது. அதன் துருப்படாத ஒரு மூலையில், 1900-இல் சுவீடனைச் சேர்ந்த பிரினெல் வெளியிட்ட முறைப்படி, கடினமான ஒரு குண்டை அளந்த விசையோடு அழுத்தி, பதிந்த குழியின் அகலத்தை அளந்தால், எஃகின் வலிமையைப் போதுமான அளவு அனுமானிக்கலாம். புதிய நெடுஞ்சட்டத்துக்குத் தகடு வெட்டும்போது, ஆலையில் அது உருட்டப்பட்ட திசை சட்டத்தின் நீளவாக்கில் அமையுமாறு பார்த்துக்கொள்வார்கள். பழைய சட்டம் நடுவில் ஆழ்ந்தும் முனைகளில் ஒடுங்கியும், பின் அச்சின்மேல் வளைந்து ஏறியும் செல்வதால், நேரான மடிப்பு யந்திரத்தால் மட்டும் அதைச் செய்துவிட முடியாது. வளைவில் உட்பட்டை சுருங்கவும் வெளிப்பட்டை விரியவும் வேண்டியிருப்பதால், கெட்டியான ஓர் அச்சின்மேல் வைத்து, சிறிது சிறிதாகச் சுத்தியலால் தட்டி மடித்துக் கொண்டுவரவேண்டும். மடிப்பின் உள்வளைவு தாராளமாக இருக்கவேண்டும் என்பதில் ரேங்கினின் உபதேசம் இங்கும் பொருந்துகிறது.

பார்ப்பவருக்கு அற்பமாகத் தோன்றக்கூடிய ஒரு வேலையில்தான் நல்ல தொழிலாளி அதிக நேரம் செலவிடுவார். வெட்டிய பட்டையின் ஓரத்தில் கத்தரி விட்டுச்சென்ற பிசிறு இருக்கும்; அரைச்சக்கரம் ஓடிய குறுக்குக் கீறல்கள் இருக்கும். ஒவ்வொரு குறுக்குக் கீறலும் விரிசல் புகுவதற்கான வாசல். அவர் அரத்தை ஓரத்தின் நீளவாக்கிலேயே இழுத்து, குறுக்குக் கீறல்கள் முற்றும் மறைந்து, கூர்விளிம்பு மழுங்கி, விரல் நுனியை ஓட்டினால் எங்கும் தடுக்காத வரையில் தேய்த்துக்கொண்டே போவார். துளைகளையும் அழுத்திக் குத்தி எடுப்பதில்லை. குத்திய துளையின் சுவரில் நுண்ணிய பிளவுகள் தங்கும். சற்றுச் சிறிதாகத் துளைத்து, இரண்டு உறுப்புகளையும் சேர்த்து வைத்தபடியே ரீமர் கொண்டு இறுதி அளவுக்கு விரிப்பார்.

பிணைப்பது தறையாணி. சிறிய ஆணிகளைக் குளிர்ந்த நிலையிலேயே அழுத்தித் தலை உண்டாக்குவர். அவை துளையை நன்றாக நிரப்பும். பெரிய ஆணிகளை ஆரஞ்சு நிறம் ஒளிரும்வரை காய்ச்சி, துளையில் செருகி, ஒருவர் பின்னால் தாங்கிரும்பைப் பிடிக்க, மற்றவர் மறுமுனையை அடித்துத் தலையாக்குவார். குளிரும்போது ஆணி நீளத்தில் சுருங்கி, தகடுகளை ஒன்றோடொன்று நெருக்குகிறது. எஃகு நூறு டிகிரி குளிர்ந்து சுருங்குவதைத் தடுத்தாலே அதன் தாங்கும் எல்லையை எட்டக்கூடிய இழுவிசை பிறக்குமென்றால், பல நூறு டிகிரி குளிரும் ஆணியின் பிடி எத்தகையது என்று ஊகித்துக்கொள்ளலாம். பாரத்தை ஒரு தகட்டிலிருந்து மற்றொரு தகட்டுக்குக் கடத்துவதில் பெரும்பங்கு அந்த நெருக்கத்தால் விளையும் உராய்வுக்குரியது. அத்துடன், மிகுந்த பளு வருமிடத்தில் அணுவளவு இணங்கித் தகைவைப் பங்கிட்டுவிடும் குணமும் ஆணிப் பிணைப்புக்கு உண்டு. உருகி ஒன்றாகிவிட்ட வெல்டிங்கில் அந்த இணக்கம் இல்லை. தகடுகள் சேருமுன் அவற்றின் உட்புறத்தில் துருத்தடுப்புப் பூச்சுப் பூச மறக்கலாகாது.

நெடுஞ்சட்டத்தையே மாற்றியபின் அது அதே வண்டிதானா என்ற கேள்வி எழுவது இயல்பு. 1929-இலும் 1930-இலும் லெ மான் பந்தயத்தை வென்ற 'ஓல்ட் நம்பர் ஒன்' என்னும் பென்ட்லியைப் பற்றி 1990-இல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. 1929-இல் ஓடிய உறுப்புகள் ஏறக்குறைய எதுவும் எஞ்சவில்லை என்பதை ஏற்றுக்கொண்ட நீதிபதி ஆட்டன், பாகங்கள் படிப்படியாக மாறி வந்தபோதிலும் வண்டியின் சரித்திரம் அறாமல் தொடர்ந்தது என்பதால் அது அதுவேதான் என்று தீர்ப்பளித்தார். அந்தத் தர்க்கத்தில் நான் புகவில்லை. ஆனால் மாற்றிய உறுப்பு எது, மாற்றாதது எது என்பதை மறைக்காமல் குறித்து வைக்கவேண்டும் என்பதற்கு எஃகின் இயல்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. 1924-இல் பால்ம்கிரென் என்னும் சுவீடன் தேசத்தவர் குண்டுத்தாங்கிகளைக் குறித்தும், 1945-இல் மைனர் என்னும் அமெரிக்கர் விமான உறுப்புகளைக் குறித்தும் எடுத்துரைத்தபடி, ஒவ்வோர் உலுக்கலும் உலோகத்தின் ஆயுளில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. செலவழிந்தது திரும்ப வருவதில்லை. புதிய நெடுஞ்சட்டம் தன் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. அதோடு பிணைந்த பழைய குறுக்குச்சட்டமோ பல கோடிகளைச் செலவழித்து நிற்கிறது. ஐம்பது ஆண்டுகள் கழித்து இதே வண்டியின் அடியில் எண்ணெயும் சுண்ணப் பொடியுமாகக் குனியப்போகிறவர், எந்த உறுப்பைச் சந்தேகத்தோடு பார்க்கவேண்டும் என்பதை அறிவது எப்படி? பழைய வாகனங்களைப் பேணுவோரின் சர்வதேசச் சங்கம் வகுத்த டூரின் சாசனம், மாற்றிய பாகங்களில் நிலையான, கண்ணை உறுத்தாத அடையாளம் இருக்கவேண்டும் என்று விதிக்கிறது. மாற்றிய ஆண்டையும் ஓர் அடையாள எண்ணையும் எஃகு அச்சால் பொறிக்கலாம். ஆனால் பொறித்த எழுத்தும் ஒரு கீறலே ஆதலால், விளிம்புப் பட்டையை விட்டு, குறுக்குச்சட்டங்களின் இணைப்பையும் விட்டு, நடுத்தகட்டின் மத்தியில், வளைவினால் எழும் தகைவு அநேகமாக இல்லாத இடத்தில் பொறிப்பார்கள்.